எல்லோருக்கும் சம்மதம் என்றால் கதைக்குத் தடை எங்கே?

கேள்வி இது: "மொரீஷியஸைக் களமாக வைத்துத் தற்காலக் காதல் நாவல் ஒன்று எழுதி முடித்திருக்கிறேன். மாலினியும் சிவேனும் ரோஸ்ஹில்லில் பள்ளி நாளிலிருந்து நண்பர்கள். இருவரும் தமிழர்கள், வயது முப்பதை நெருங்குகிறது. மாலினி போர்ட் லூயியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சிவேன் எபெனில் கணக்காளன். இந்த நட்பு காதலாகுமா என்பதுதான் கதை. படித்துப் பார்த்த சென்னைப் பதிப்பாசிரியர், 'இவர்களுக்கு என்னதான் தடை? இரண்டாம் அத்தியாயத்திலேயே கல்யாணம் செய்துவைத்துவிடலாமே. பெண்ணை வேறு சமூகமாக மாற்றுங்கள்' என்கிறார். மாற்றலாமா?"

மாற்ற வேண்டாம். பதிப்பாசிரியர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத் தப்பான மருந்தைக் கொடுத்திருக்கிறார். மாலினியை வேறு சமூகத்துப் பெண்ணாக்கினால் தடை கிடைத்துவிடும், நட்பு பின்னால் தள்ளப்படும். அதன் பிறகு அது இரண்டு குடும்பங்களின் கதை. அந்தக் கதைக்கும் மொரீஷியஸில் சரக்கு நிறையவே இருக்கிறது. இங்கே தமிழர்கள், இந்தி, போஜ்புரி பேசிய முன்னோர் வழி வந்த இந்துக்களிலிருந்து தங்களைத் தனிச் சமூகமாகவே எண்ணுகிறார்கள். கோவில் வேறு, பண்டிகை வேறு, சங்கம் வேறு. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து மேலே வருவதா, இந்தி எழுத்து மேலே வருவதா என்று 1998இல் எழுந்த கொந்தளிப்பில், புதிதாக அச்சடித்த தாள்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் போஜ்புரி வீட்டுப் பெண்ணும் தமிழ்ப் பையனும் காதலித்தால் முந்நூறு பக்கம் தானாக ஓடும். ஓடட்டும். அதை எழுத வேறு ஆள் வருவார்.

உங்கள் நாவலில் தடை ஏற்கெனவே இருக்கிறது. எல்லோருக்கும் சம்மதம் என்பதுதான் அது.

யோசித்துப் பாருங்கள். இந்தத் தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. மக்கள்தொகை பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டி. அதில் தமிழர்கள் ஒரு சிறு பகுதி. அவர்களிலும் ஒரே கோவிலுக்கு வந்து போகும் குடும்பங்கள் இன்னும் சிறு வட்டம். சாயங்காலம் ரோஸ்ஹில்லில் இருவர் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே காத்ர் போர்னில் இருக்கும் அத்தைக்குச் செய்தி போய்விடும். உங்கள் கதையில் அந்த அத்தை கண்டிக்கவில்லை. "எப்போது?" என்று சிரிக்கிறாள். பத்து வருடமாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். மாலினியின் அம்மாவும் சிவேனின் அம்மாவும் தனித்தனியே நகை பார்த்துவைத்திருக்கிறார்கள். இவர்கள் ஓரடி எடுத்துவைத்தால் போதும். அடுத்த வாரம் நாள் குறிப்பார்கள், மறு வாரம் மண்டபம், பிறகு சிவில் பதிவு, வாழையிலை, ஏழு கறி.

அதாவது, சும்மா பழகிப் பார்க்க இவர்களுக்கு இடமே இல்லை. பெருநகரத்தில் இரண்டு நண்பர்கள் காதலித்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு திசையில் போய்விடலாம். இங்கே பிரிந்தாலும் அடுத்த தைப்பூசத்தில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். ஆகவே ஓரடி வைப்பதற்கு விலை பதினைந்து வருட நட்பு. ஊரார் கை படாமல் இவர்களுக்கென்று இருக்கும் ஒரே பொருள் அந்த நட்புதான். அதையும் தூக்கிக் கல்யாணச் சந்தையில் வைத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்? புத்தியுள்ள இரண்டு பேர் முப்பது வயது வரை தயங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். உங்கள் கையெழுத்துப் பிரதியில் அத்தை நகைச்சுவைக்காக வந்து போகிறாள். அவளைத் தூக்கி நடு வீட்டில் உட்கார வையுங்கள். வில்லி ஆக்கிவிடாதீர்கள், அவளுடைய அன்புதான் நெரிக்க வேண்டும்.

அடுத்தது, தமிழ் வாசகருக்கு இந்த வகைக் கதை ஏன் சற்று அந்நியமாகப் படுகிறது என்பது. நம் அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் அந்நியராகத்தான் சந்திக்கிறார்கள். உன் தாயும் என் தாயும் யார் யாரோ என்று தொடங்கும் குறுந்தொகையின் 40ஆம் பாடல் இன்றும் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகிறது என்றால், அந்நியர் கலப்பதுதான் காதல் என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே நட்புக்கு வேறொரு ஆள் உண்டு: தோழி. தலைவியின் மனதைத் தெரிந்தவள், தூது போகிறவள், செவிலிக்கு விஷயத்தை உடைக்கிறவள், எல்லாம் அவள். நம் மாத நாவல்களும் இதைப் பெரிதாக மாற்றவில்லை. மோதலில் தொடங்கிக் காதலில் முடியும், அல்லது கட்டாயக் கல்யாணத்தில் தொடங்கிக் காதலில் முடியும். இரண்டிலும் முதல் பக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

உங்கள் கதையில் தலைவனும் தோழியும் ஒரே ஆள். இதுதான் இந்த வகையின் உயிர். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி நாவல் தானாக அமையும். மாலினிக்கு ஏதாவது என்றால் யாரிடம் சொல்வாள்? சிவேனிடம். இப்போது அவளுக்கு ஏற்பட்டிருப்பது சிவேனைப் பற்றியது. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல முடியாது. வேறு ஆளிடம் சொல்லிப் பழக்கம் இல்லை. பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அவனிடமிருந்து ஒன்றை மறைக்கிறாள். உங்கள் நாவலில் காதல் தொடங்கும் இடம் அந்த மறைப்பு. நீங்கள் ஏழாம் அத்தியாயத்தில் மழையில் நனைந்த முத்தத்தைத் திருப்புமுனையாக வைத்திருக்கிறீர்கள். முத்தம் இருக்கட்டும். ஆனால் அதற்கு நெடுநேரம் முன்பே, "என்ன யோசனை?" என்று அவன் கேட்க, "ஒன்றுமில்லை, கடையில் இருப்புக் கணக்கு" என்று அவள் சொல்லும் ஒரு வரி வர வேண்டும். வாசகருக்கு மட்டும் அது பொய் என்று தெரிய வேண்டும். அந்த ஒரு வரியில் நெஞ்சு திக்கென்று ஆகவேண்டுமானால், இருவரும் எதையும் மறைக்காதவர்கள் என்பதை முதல் மூன்று அத்தியாயங்களில் நாங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

அங்கேதான் பிரதி சோடை போகிறது. "உயிர்த் தோழர்கள்" என்று நாலைந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது இல்லை. வியாழக்கிழமை மாலை ரோஸ்ஹில் டிராம் நிறுத்தத்தில் சந்திக்கிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டீர்கள். அதை விரியுங்கள். 2020 முதல் போர்ட் லூயியிலிருந்து ரோஸ்ஹில்லுக்கு டிராம் ஓடுகிறது. 2023இல் ரெதுயி போகும் கிளைத் தடம் திறந்த பிறகு எபெனிலிருந்தும் வரலாம். ஆக இருவரும் இரண்டு தடத்தில் வந்து ஒரே நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். தெருவண்டியில் தால்பூரி. அது ஜோடியாகத்தான் விற்கும். இரண்டு மெல்லிய பூரியை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் டபுள் பீன்ஸ் கறியும் ரூகாய் என்ற தக்காளித் தொக்கும் தடவி, காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். மிளகாய் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். மாலினிக்கு வேண்டும், சிவேனுக்கு ஆகாது. ஒரு ஜோடி மட்டும் வாங்குகிற மாதக் கடைசி நாளில் என்ன செய்வார்கள்? அவள் மிளகாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைப்பையில் வைத்திருக்கும் சிறு குப்பியிலிருந்து தன் பாதிக்கு மட்டும் போட்டுக்கொள்கிறாள் என்று எழுதினால், உயிர்த் தோழர்கள் என்ற சொல்லே தேவைப்படாது. பிற்பாடு ஒரு வியாழக்கிழமை அந்தக் குப்பியை அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்தால், ஏதோ நடந்திருக்கிறது என்று வாசகர் தானே புரிந்துகொள்வார். ஜோடி என்பதை வைத்துத் தத்துவம் பேசும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது தைப்பூசம். மொரீஷியஸ் நாவல் என்றால் காவடி இருந்தே தீரும் என்று நினைத்து நீங்களும் ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறீர்கள், சுற்றுலாக் கையேட்டில் வருவது போல. இங்கே அது அரசு விடுமுறை நாள், வெளிநாட்டார் புகைப்படம் எடுக்க வருவார்கள் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரிந்ததே. கதைக்குப் பயன்படுவது விரதம். ஏறத்தாழப் பத்து நாள்: இறைச்சி இல்லை, மது இல்லை, உடல் உறவு இல்லை. மற்றவர்கள் மீது பட்டும் படாமலும் நடந்துகொள்வார்கள். சிவேன் இந்த வருடம் காவடி எடுக்கிறான் என்று வையுங்கள். நட்பில் தொடுகைக்குக் கணக்கே கிடையாது. தோளில் தட்டுவாள், தட்டிலிருந்து எடுத்துத் தின்பாள், டிராமில் தூங்கி அவன் மேல் சாய்வாள். விரதத்தின் இரண்டாம் நாள் ஏதோ கேலிக்குத் தோளில் தட்டக் கை ஓங்குகிறாள், பாதி வழியில் நினைவு வந்து கை நின்றுவிடுகிறது. இருவரும் அந்தக் கையைப் பார்க்கிறார்கள். இதுவரை கவனிக்காத ஒன்றைத் தடைதான் கவனிக்க வைக்கிறது. பத்து நாளைக்கு அதன் பிறகு நீங்கள் எதையும் திணிக்க வேண்டியதில்லை.

நாவல் எந்த ஆண்டில் நடக்கிறது என்று நீங்கள் குறிக்கவில்லை. 2024 ஜனவரியில் வையுங்கள் என்பது என் யோசனை. அந்த மாதம் 15ஆம் தேதி, திங்கட்கிழமை, பெலால் புயல் தாக்கியது. போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. 25ஆம் தேதி வியாழக்கிழமை தைப்பூசம். இடையில் சரியாகப் பத்து நாள். மாலினி வேலை செய்வது போர்ட் லூயியில். வெள்ளம் கடைக்குள் புகுகிறது, மேல்மாடிக்கு ஏறிவிடுகிறாள், ஆபத்தில்லை. முதல் அழைப்பு யாருக்கு? யோசிக்காமல் சிவேனுக்கு. அதன் பிறகுதான் அம்மாவுக்கு. இரவு வீடு வந்து சேர்ந்ததும் அம்மா கேட்கிறாள்: "முதலில் அவனையா கூப்பிட்டாய்? அம்மா ஞாபகம் வரவில்லையா?" அம்மாவின் குரலில் கோபத்தோடு ஒரு திருப்தியும் இருக்கட்டும். அந்தத் திருப்திதான் மாலினியைப் பயமுறுத்த வேண்டும். மறுநாள் விரதம் தொடங்கிவிடுகிறது; அவனைப் பார்த்துத் தழுவிக்கொள்ளக்கூட முடியாது. உங்கள் மழை முத்தத்தைவிட இது வலுவானது என்று நினைக்கிறேன். முத்தத்தை விட மனம் வராவிட்டால் பூசம் முடிந்த பிறகு வையுங்கள்.

பூச நாளன்று ஒரு காட்சி போதும். காத்ர் போர்னில், கோர் தெ கார்ட் மலையடிவாரக் கோவிலுக்கு ஏறும் வழி. ஆற்றில் குளித்து, ரோஜா நிற உடை உடுத்தி, அலகு குத்தி, தென்னங்குருத்தும் பூவும் எலுமிச்சையும் கட்டிய காவடி தோளில். ஜனவரி வெயிலில் தார் சுடும். காவடி எடுப்பவன் பக்கத்தில் தண்ணீரோடு நடந்து வருபவர் யார் என்பதை ஊரே பார்க்கும். அம்மா, தங்கை, மனைவி, இவர்கள்தான் வழக்கம். மாலினி போன வருடங்களில் கூட்டத்தோடு வந்திருக்கிறாள், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. இந்த வருடம் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். யோசிப்பதே தன் நிலையைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றும் அவளுக்குத் தெரிகிறது. அலகு குத்திய வாயோடு அவனால் பேச முடியாது. பக்கத்தில் நடக்கும் அவளும் பேசப்போவதில்லை. மலையேறி முடிக்கும் வரை வசனமே இல்லாமல் எழுத உங்களால் முடியும் என்று பிரதியின் மற்ற பக்கங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

காதலைச் சொல்லும் இடத்துக்கு வருவோம். சிவேன், "பதினைந்து வயதிலிருந்தே உன்னைத்தான் நேசிக்கிறேன்" என்கிறான். படிக்கும்போது இனிக்கும். ஆனால் அது உண்மையென்றால் அந்தப் பதினைந்து வருடமும் நட்பு இல்லை, காத்திருப்பு. அவள் முந்தைய காதலனிடம் ஏமாந்து அழுதபோது அவன் கேட்டது நண்பனாக இல்லை, முறை வருமா என்று பார்த்திருந்தவனாக. ஒரே வாக்கியத்தில் முதல் பாதி நாவலைப் பொய்யாக்கிவிட்டீர்கள். நட்பு நட்பாகவே இருந்தது, காதல் புதிதாக, கொஞ்சம் அசந்தர்ப்பமாக வந்தது என்று வைப்பதுதான் இருவருக்கும் மரியாதை. இந்த வகை நாவல் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் குழியில் விழுகிறார்கள். மொழி பேதமே இல்லை.

மூன்றாம் ஆள் பற்றி ஒன்று. மாலினிக்குப் பார்க்கும் பெர்த் மாப்பிள்ளையைக் கஞ்சனாகவும் பெருமை பேசுபவனாகவும் வரைந்திருக்கிறீர்கள். அவனை நல்லவனாக்குங்கள். அவனைக் கட்டினாலும் மாலினி சந்தோஷமாக இருப்பாள் என்று வாசகர் நம்பினால்தான் "ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்ற நிலை உயிரோடு இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வது இங்கே நடைமுறையில் சகஜம் என்பதால் அவன் செயற்கையாகவும் தெரியமாட்டான்.

யார் மனதிலிருந்து கதை சொல்வது என்று தடுமாறியிருக்கிறீர்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுகிறது. தற்காலக் காதல் நாவல்களில் இருவர் பார்வையும் மாறி மாறி வருவது வழக்கம்தான். ஆனால் இருவர் மனதும் தெரிந்துவிட்டால் வாசகருக்கு மிஞ்சுவது இவர்கள் எப்போது வாயைத் திறப்பார்கள் என்ற பொறுமையின்மை. பூசம் வரை மாலினியோடு மட்டும் இருங்கள். அதன் பிறகு சிவேன். அவன் மனம் எங்களுக்குத் திறக்கும்போது அவளுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றாவது அங்கே இருக்க வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் பாட்டன் வந்த கப்பல் வேண்டாம். 1834இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை, அந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறை, அது 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது, எல்லாம் மதிக்க வேண்டிய வரலாறுதான். ஆனால் மருந்துக் கடைக்கார மாலினி காலையில் எழுந்து அதை நினைப்பதில்லை. போதாததற்கு, சிவேனின் முன்னோர் புதுச்சேரியிலிருந்து வந்த கல்தச்சர் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1730களை ஒட்டி வந்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். கப்பலும் வேறு, நூற்றாண்டும் வேறு.

வசனம். இவர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்த ஊர் மொழி. தமிழ் கோவிலிலும் பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பிலும். நீங்கள் தமிழில் எழுதுகிறீர்கள், அதனால் என்ன, வாசகர் ஏற்றுக்கொள்வார். ஆனால் சிவேன் வாயில் மதுரைத் தமிழையும் மாலினி வாயில் சென்னைத் தமிழையும் வைத்தது உறுத்துகிறது. ஊர் தெரியாத எளிய தமிழில், சிறு வாக்கியங்களில் பேசட்டும். உறவுப் பெயர்களை விடாதீர்கள். சிவேனின் அம்மாவையும் மாலினி "அத்தை" என்று இத்தனை வருடமும் கூப்பிட்டிருக்கிறாள் அல்லவா, அந்த அழைப்பில் இப்போது ஏறியிருக்கும் கனத்தை அவளே ஒரு இடத்தில் உணரட்டும்.

முடிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பிளேசான்ஸ் விமான நிலையத்துக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தும் காட்சியை எடுத்துவிடுங்கள். அது மொரீஷியஸில் நடக்காது என்று இல்லை. அங்கே ஓடிக்கொண்டிருப்பவனை அடையாளம் கண்டு நாலு பேர் நலம் விசாரிப்பார்கள், விமானம் போய்விடும். காதல் நாவல் என்று அட்டையில் போட்டால் இருவரும் சேர வேண்டும் என்பது வாசகரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். நண்பர்களாகவே பிரிவது என்று முடிவெடுத்தால் அதுவும் நல்ல நாவல்தான், அட்டையில் வேறு பெயர் போடுங்கள்.

சேர்ந்த பிறகு கதையை நிறுத்திவிடாதீர்கள். கடைசிக் கால் பகுதியை அதற்கே கொடுக்கலாம், ஏனென்றால் இந்த வகையில் யாரும் தொடாத வளமான பகுதி அது. முதல் சண்டை வருகிறது. இதுவரை எந்தக் காதலனோடு சண்டை வந்தாலும் அவள் புலம்பியது சிவேனிடம். இப்போது சிவேனைப் பற்றி யாரிடம் புலம்புவது? வேறு வழியில்லாமல் அவனிடமே புலம்புகிறாள், அவனைப் பற்றி, வேறொருவனைப் பற்றிப் பேசுவது போல. அவனும் பழைய நண்பனாக உட்கார்ந்து கேட்டு, "அந்த ஆள் செய்தது தப்புதான்" என்கிறான். உங்கள் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இதன் விதை ஏற்கெனவே கிடக்கிறது, இரண்டு பத்தியில் சுருக்கி அத்தையின் போன் அழைப்பால் வெட்டிவிட்டீர்கள். அந்த போனை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவையுங்கள். பின்னிணைப்பில் இருக்கும் கிரியோல் சொற்பட்டியலும் வேண்டாம். தால்பூரி என்ன என்று கதைக்குள்ளேயே தெரிந்துவிடும்.